அண்ணன் சாப்பிடும் லித்தியம்

என் அண்ணன் லித்தியம் சாப்பிடுகிறார். முப்பது வயதில் தொடங்கியது, இப்போது அறுபதை நெருங்குகிறார். திருப்பாதிரிப்புலியூரில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஆடி மாதமானால் கூழ் ஊற்றும் திருவிழா நோட்டீஸ். நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். அவர் ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்ற கணக்கு எங்கள் வீட்டு டைரியில் பால் கணக்குக்கு அடுத்த பக்கத்திலேயே இருக்கும்.

இப்போது இதை எழுத வைத்தவர் எங்கள் அத்தை. நெல்லிக்குப்பத்தில் ஒரு வளைகாப்புப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர், சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இத்தன வருஷமா அந்த மாத்திரையப் போட்டுப் போட்டு அவன் மூளையே மழுங்கிப் போயிருக்கும்டி. கையப் பாரு, எப்படி ஆடுது. உங்கம்மாவுக்கு வந்த மறதி இவனுக்கும் வந்துரும். நிறுத்தச் சொல்லு." அத்தை மனசில் கள்ளமில்லை. அம்மா கடைசிக் காலத்தில் அண்ணனைப் பார்த்து, "யாருப்பா, கரண்ட் கணக்கெடுக்க வந்தியா?" என்று கேட்டபோது அவரும் அந்தக் கூடத்தில்தான் இருந்தார். அண்ணனுக்கும் அந்தப் பயம் உள்ளூர உண்டு. சாவியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடினால் போதும், முகம் சுண்டிவிடும்.

அத்தை மாதிரி நினைக்கிறவர்கள் நிறையப் பேர். ரத்தம் கொடுக்க வருகிற குடும்பங்கள் லித்தியத்தைத் 'தூக்க மாத்திரை' என்றே சொல்கிறார்கள். அது தூக்க மாத்திரை இல்லை. பைபோலார் என்கிற இருமுனைக் கோளாறில் மனம் எல்லை மீறி எகிறாமலும், கிணற்றில் போய் விழாமலும் நடுவில் நிறுத்தி வைக்கிற மருந்து. மூளையை மழுங்கடிக்கும் என்ற பேச்சுக்கு நேர் எதிர்த் திசையில்தான் ஆராய்ச்சிகள் போய்க்கொண்டிருக்கின்றன. லித்தியம் மூளைச் செல்களைக் காக்கக்கூடும் என்பதற்கு இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாகச் சான்று சேர்ந்து வருகிறது. அந்தச் சான்று எதுவரை நிற்கிறது, எங்கே இடிக்கிறது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன். ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய டாக்டர், இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் சாங்கி முகாமில் ஜப்பானியர்களிடம் கைதியாக இருந்து மீண்டவர். மெல்பர்ன் பக்கம் பண்டூராவில் ஒரு மனநல மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, கினிப்பன்றிகளுக்கு லித்தியம் உப்பை ஊசியில் ஏற்றினால் அவை அடங்கிக் கிடப்பதைக் கவனித்தார். பிறகு வெறி உச்சத்தில் இருந்த 10 நோயாளிகளுக்குக் கொடுத்து, கண்டதை 1949இல் எழுதி வெளியிட்டார். அதே 1949இல் அமெரிக்காவில் சாப்பாட்டு உப்பு ஆகாத இதய நோயாளிகளுக்கு, அதற்குப் பதிலாக லித்தியம் குளோரைடை விற்றார்கள். அளவு தெரியாமல் தூவிச் சாப்பிட்டுச் சிலர் செத்துப்போனார்கள். ஒரே வருஷத்தில் ஒரே பொருள் ஒரு நாட்டில் உயிரைக் காப்பாற்றியது, இன்னொரு நாட்டில் உயிரை எடுத்தது. டென்மார்க்கின் மோகன்ஸ் ஷௌ 1954இல் முறையான சோதனை நடத்திய பிறகும், அமெரிக்காவில் அனுமதி கிடைக்க 1970 ஆகிவிட்டது. அளவு பார்த்துக் கொடுக்கிற பழக்கம் வந்த பிறகுதான் இந்த மருந்துக்கு நல்ல பெயரே வந்தது.

இப்போது மூளைக்குள் போவோம். தனிம அட்டவணையில் லித்தியம் சோடியத்துக்கு நேர் மேலே இருக்கிற சின்ன அணு. செல்லுக்குள் மெக்னீசியம் உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு சில நொதிகளின் வேலையைத் தடுக்கிறது. அதில் ஒன்று ஜிஎஸ்கே-3. லித்தியம் இந்த நொதியைத் தடுக்கிறது என்று பீட்டர் கிளைனும் டக்ளஸ் மெல்டனும் 1996இல் காட்டினார்கள். இதில் மறதிநோய்க்கு என்ன சம்பந்தம்? நரம்புச் செல்லின் நீண்ட வாலுக்குள் சரக்குப் போய்வர நுண்குழல்கள் உண்டு. அவற்றைத் தண்டவாளம் என்று வைத்துக்கொண்டால், டௌ என்ற புரதம்தான் அதைச் சேர்த்துப் பிடிக்கிற ஸ்லீப்பர் கட்டை. ஜிஎஸ்கே-3 மிதமிஞ்சி வேலை செய்தால் டௌ மேல் பாஸ்பேட் ஏறிக்கொண்டே போகும். கட்டை கழன்று ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். அல்சைமர் என்ற மறதிநோய் வந்து இறந்தவர்களின் மூளையில் தெரிகிற முடிச்சுகள் இவைதான். அந்த நொதியைத் தடுக்கிற மருந்தை ஏற்கனவே லட்சக்கணக்கானவர்கள் விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், ஆராய்ச்சியாளர்களுக்கு ஆசை வராமல் இருக்குமா?

வேறு வழிகளும் தெரியவந்தன. மூளைச் செல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள உதவுகிற குளூட்டமேட், பக்கவாதம் வரும்போது கட்டுக்கடங்காமல் கொட்டி அதே செல்களைக் கொல்லும். அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் டி-மாவ் சுவாங் குழு, எலியின் மூளைச் செல்களை முன்கூட்டியே லித்தியத்தில் வைத்திருந்தால் அவை அந்தத் தாக்குதலைத் தாங்குகின்றன என்று 1998இல் எழுதியது. செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வதைத் தடுக்கிற பிசிஎல்-2 என்ற புரதத்தை லித்தியம் கூட்டுகிறது. நரம்புகளை வளர்க்கிற பிடிஎன்எஃப் என்ற புரதத்தையும் கூட்டுகிறது. செல் தன் குப்பையைத் தானே கரைத்து அகற்றுகிற வேலையையும் முடுக்கிவிடுகிறது என்று 2005இல் கேம்பிரிட்ஜில் கண்டார்கள். இவ்வளவும் ஆய்வகத் தட்டிலும் எலியிலும் கண்டவை. இவற்றை மட்டும் வைத்து அத்தைக்குப் பதில் சொல்ல முடியாது.

மனிதர்களிடம் கிடைத்ததைப் பார்ப்போம். 2000இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வில் பைபோலார் நோயாளிகள் 10 பேருக்கு 4 வாரம் லித்தியம் கொடுத்து, முன்னும் பின்னும் எம்ஆர்ஐ எடுத்தார்கள். 8 பேருக்கு மூளையின் சாம்பல் பகுதி கூடியிருந்தது, சராசரியாக 3 சதவீதம் அளவுக்கு. அந்தக் கூடுதலில் நீர்ச்சத்து மாற்றத்துக்கும் பங்கு இருக்கலாம் என்று பின்னால் மறுப்பு வந்தது. அது நியாயமான மறுப்பு. ஆனால் லித்தியம் மூளையைச் சுருக்குகிறது என்று அங்கே யாரும் பார்க்கவில்லை.

2007இல் பிரேசிலின் சாவோ பாவ்லோவிலிருந்து வந்த ஆய்வுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வயதான பைபோலார் நோயாளிகளில், தொடர்ந்து லித்தியம் சாப்பிட்ட 66 பேரில் 3 பேருக்கு அல்சைமர். சாப்பிடாத 48 பேரில் 16 பேருக்கு. அதாவது 5 சதவீதம் எங்கே, 33 சதவீதம் எங்கே! இதில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பைபோலார் இருப்பவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு பொதுவாகவே மற்றவர்களைவிடக் கூடுதல். அம்மாவின் மறதியோடு சேர்த்து, அண்ணனுக்கு அந்த வாய்ப்பு நோயின் வழியாகவும் இருக்கிறது. அத்தை அந்தப் பழியை மருந்தின் தலையில் போடுகிறார்.

சிறிய ஆய்வுகளில் எண்கள் துள்ளும். பெரிதாக ஒன்று 2022இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. மனநல மருத்துவமனைப் பதிவேடுகளில் 50 வயது கடந்த 29,618 பேரைப் பார்த்தார்கள். லித்தியம் சாப்பிட்ட 548 பேரில் 9.7 சதவீதத்தினருக்கு மறதிநோய். சாப்பிடாதவர்களில் 11.2 சதவீதம். மேலோட்டமாகப் பார்த்தால் சின்ன இடைவெளிதான். ஆனால் வயது, புகைப்பழக்கம், மற்ற நோய்கள், மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துச் சமன் செய்தபோது, லித்தியக்காரர்களின் ஆபத்து 44 சதவீதம் குறைவாக வந்தது. பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிற ஆய்வுக்கு ஓர் எல்லை உண்டு. லித்தியத்தைத் தாங்கிக்கொண்டு, தவறாமல் டெஸ்டுக்கு வருகிறவர்கள் முதலிலேயே கொஞ்சம் தெம்பானவர்களாக இருந்திருக்கலாம். அந்தச் சந்தேகத்தை யாராலும் முழுசாகத் துடைக்க முடியாது.

டென்மார்க்கில் இன்னொரு வழியில் தேடினார்கள். நிலத்தடி நீரில் இயற்கையாகவே லித்தியம் கொஞ்சம் கரைந்திருக்கும், ஊருக்கு ஊர் அளவு மாறும். மறதிநோய் வந்த 73,731 பேரின் ஊர்க் குடிநீரை மற்றவர்களின் குடிநீரோடு ஒப்பிட்டு 2017இல் வெளியிட்டார்கள். லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்த இடங்களில், மிகக் குறைவாக இருந்த இடங்களைவிட நோய் 17 சதவீதம் குறைவு. ஆனால் 5 முதல் 10 வரை இருந்த இடங்களில் கூடியிருந்தது. ஆகவே நேர்கோடாக இறங்கவில்லை. நான் ஒரு கணக்குப் போட்டேன். 300 மில்லிகிராம் லித்தியம் கார்பனேட் மாத்திரை ஒன்றில் இருக்கும் லித்தியம் சுமார் 56 மில்லிகிராம். லிட்டருக்கு 20 மைக்ரோகிராம் உள்ள தண்ணீரில் அவ்வளவு லித்தியம் சேர 2,800 லிட்டர் வேண்டும். அந்தத் தண்ணீரும் இந்த மாத்திரையும் ஒரே சங்கதி என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது 2011இல் மறுபடியும் சாவோ பாவ்லோவிலிருந்து வந்த சோதனை. நினைவு மங்கத் தொடங்கிய, ஆனால் மறதிநோய் என்று இன்னும் சொல்ல முடியாத 45 பேர். பாதிப் பேருக்குக் குறைந்த அளவு லித்தியம், ரத்தத்தில் லிட்டருக்கு 0.25 முதல் 0.5 மில்லிமோல் வரை நிற்கும்படி. மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. ஒரு வருஷம் கழித்து, லித்தியம் எடுத்தவர்களின் முதுகுத்தண்டு நீரில் பாஸ்பேட் ஏறிய டௌ குறைந்திருந்தது, நினைவுத் தேர்விலும் கவனத் தேர்விலும் அவர்கள் மேலாக இருந்தார்கள். நொதியைப் பற்றி 1996இல் எழுதியதும் நோயாளியிடம் அளந்ததும் ஒரே இடத்தில் வந்து சேர்வது இங்கேதான்.

இனி இடிக்கிற இடங்கள். அல்சைமர் ஏற்கனவே வந்துவிட்ட 71 பேரில் சுமார் பாதிப் பேருக்கு ஜெர்மானிய டாக்டர்கள் 10 வாரம் லித்தியம் கொடுத்து 2009இல் வெளியிட்ட சோதனையில் ஒரு பலனும் இல்லை. 10 வாரம் போதுமா என்று கேட்கலாம், ஆனாலும் முடிவு முடிவுதான். தசைகளை இயக்குகிற நரம்புகள் அழிந்துபோகும் ஏஎல்எஸ் என்ற நோய்க்கு லித்தியம் அற்புதமாக வேலை செய்கிறது என்று 2008இல் இத்தாலியிலிருந்து ஒரு சிறிய ஆய்வு வந்ததும், உலகம் முழுக்க நோயாளிகள் தாங்களாகவே வாங்கிச் சாப்பிட்டார்கள். பிறகு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சரியாக நடந்த பெரிய சோதனைகளில் பலனில்லை என்று தெரிந்தது. அந்தக் குடும்பங்கள் எப்படிக் காத்திருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு பிசையும்.

இன்னொரு மருந்து வால்ப்ரோயேட். வலிப்புக்கும் பைபோலாருக்கும் நம் ஊரில் நிறையப் பேர் சாப்பிடுவது. இதுவும் ஆய்வகத்தில் நரம்புச் செல்களைக் காத்தது. மரபணுக்களைத் திறந்து மூடுகிற எச்டிஏசி நொதிகளை இது தடுக்கிறது என்று 2001இல் கண்டார்கள். ஆனால் அல்சைமர் நோயாளிகள் 313 பேரில் சுமார் பாதிப் பேருக்கு 2 வருஷம் கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனை 2011இல் வந்தபோது, நோய் தள்ளிப்போகவில்லை. அதைவிட மோசம், மருந்து எடுத்தவர்களின் மூளை கூடுதலாகச் சுருங்கியிருந்தது. ஆகவே 'மனநிலையைச் சமன்செய்யும் மருந்துகள் மூளையைக் காக்கும்' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களுக்கு வால்ப்ரோயேட் வேறு ஆபத்தும் தரும், வயிற்றுப் பிள்ளையின் முதுகுத்தண்டையும் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கும். அப்படி ஒரு பெண் உங்கள் வீட்டில் இதைச் சாப்பிட்டால் டாக்டரிடம் இதைப் பேசியே ஆக வேண்டும்.

2025 ஆகஸ்டில் ஹார்வர்டிலிருந்து புரூஸ் யாங்க்னர் குழுவின் கட்டுரை நேச்சர் இதழில் வந்தது. இறந்தவர்களின் மூளையில் பல உலோகங்களை அளந்து பார்த்ததில், நினைவு மங்கத் தொடங்கியவர்களிடம் லித்தியம் குறைந்திருந்தது. அல்சைமர் மூளையில் படிகிற அமைலாய்டு என்ற புரதம், இருக்கிற கொஞ்ச லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. எலிகளின் உணவில் லித்தியத்தைக் குறைத்தபோது நோய் வேகமெடுத்தது. அமைலாய்டிடம் எளிதில் சிக்காத லித்தியம் ஓரோடேட் என்ற உப்பை மிகக் குறைந்த அளவில் கொடுத்தபோது எலிகளின் நினைவு திரும்பியது. படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவுக்கு இப்படி ஒன்று காலத்தில் கிடைத்திருக்கக் கூடாதா என்றுதான் மனசு போனது. ஆனாலும் அது எலி. மனிதர்களிடம் சோதிக்காமல் அதை மருந்து என்று சொல்ல முடியாது.

அதற்குள் லாஸ்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் எங்கள் லேபுக்குப் போன் செய்து, லித்தியம் ஓரோடேட் மாத்திரை ஆன்லைனில் வாங்கியிருக்கிறேன், எவ்வளவு நாளைக்கு ஒருமுறை லெவல் பார்க்கணும் என்று கேட்டார். பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறாராம். முதலில் அதை மூடி வையுங்கள் ஐயா, டாக்டரைப் பாருங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். லித்தியம் அளவு மீறினால் சிறுமூளையையே நிரந்தரமாகக் கெடுத்துவிடலாம். நடை தள்ளாடும், பேச்சு குழறும். காப்பாற்றும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் நடுவே இடைவெளி குறுகலானது. பைபோலாருக்கு ரத்தத்தில் 0.6 முதல் 1.0 வரை வைப்பார்கள். 1.5 தாண்டினால் நச்சு.

அந்த இடைவெளியைக் காவல் காப்பதுதான் என் வேலை. கடைசி மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். அண்ணன் ராத்திரி ஒன்பதுக்குப் போட்டால் காலை ஒன்பதுக்கு, காலை மாத்திரைக்கு முன்னால். எந்தக் குழாயில் எடுக்கிறோம் என்பதும் முக்கியம். பச்சை மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற ஹெபாரின் பெரும்பாலும் லித்தியம் உப்பாகவே இருக்கும்! நான் ஊரில் இல்லாத சமயம் வேறொரு இடத்தில் அண்ணனுக்கு ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் 2.3 என்று வந்தது. அண்ணி அலறியடித்துக்கொண்டு போன் செய்தார். "அண்ணி, அவர் நல்லா நடக்கறாரா? வாந்தி பேதி ஏதாச்சும்?" "நல்லாத்தாம்மா இருக்காரு, புரூஃப் பாத்துக்கிட்டிருக்காரு." "என்ன கலர் மூடி போட்ட டியூப்ல எடுத்தாங்க?" பச்சை. அன்றைக்கே சிவப்பு மூடிக் குழாயில் மறுபடி எடுக்கச் சொன்னேன், 0.7. உங்கள் வீட்டில் யாருக்காவது லித்தியம் லெவல் பார்த்தால் குழாயின் மூடியை ஒரு பார்வை பாருங்கள்.

அத்தை சொன்ன கை நடுக்கத்துக்கும் வருகிறேன். அண்ணன் புரூஃப் திருத்தும்போது வலது மணிக்கட்டை மேஜை விளிம்பில் அழுத்தி வைத்துக்கொண்டுதான் சிவப்புப் பேனாவைப் பிடிப்பார். கோடு லேசாக அலையும். ஆனால் 'திருமணம்' என்பதில் சுழி மாறிய ஒரு ண-வை அந்தக் கண் விட்டதே இல்லை. அந்த நடுக்கம் மருந்தின் பக்க விளைவு, லெவல் கூடினால் கூடும், குறைந்தால் குறையும். மூளை தேய்வதற்கு அடையாளம் இல்லை. தாகம், அடிக்கடி சிறுநீர், தைராய்டு மந்தம், நாள்பட்டால் சிறுநீரகத்தில் பாதிப்பு, இவையெல்லாம் உண்மையான தொல்லைகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினினும் தைராய்டுக்கு டிஎஸ்ஹெச்சும் பார்க்காமல் விடுவதில்லை.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீடு பார்த்திருக்கிறது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. கரண்ட் இல்லை, ரோடெல்லாம் மரம், மெடிக்கல் ஷாப் எதுவும் திறக்கவில்லை, மாத்திரையும் தீர்ந்துபோனது. தூக்கம் போன அண்ணன், விழுந்த முந்திரி மரத்துக்கெல்லாம் தானே நஷ்டஈடு வாங்கித் தருவதாகக் கிளம்பி, மெழுகுவத்தி வெளிச்சத்தில் கட்டுக் கட்டாகக் கடிதம் எழுதினார். ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் என்று ஊர்ந்து ஊர்ந்து கோரிமேட்டுக்குக் கூட்டிப்போய் ஜிப்மரில் சேர்த்தோம். அந்த வாரங்கள் அவர் மூளைக்கு எவ்வளவு சேதம் என்று எந்த டெஸ்டும் சொல்லாது. அதன் பிறகு ஒரு மாத மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கிறது.

அத்தையிடம் இதில் பாதியைச் சொன்னேன். "அப்படின்னா எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடேன்" என்றார். இல்லை அத்தை, இது உங்களுக்கில்லை என்று மறுபடி உட்கார்ந்து விளக்கினேன்.

இதைப் பதிவிடுவதற்கு முன் அண்ணனிடம் கொடுத்தேன். ஒற்றுப் பிழைகளைத் திருத்திவிட்டு, "பாப்பா, வெயில் காலம் வருது, அதையும் எழுது, அதுதான் ஜனங்களுக்கு உடனே உபயோகம்" என்றார். எழுதுகிறேன். வியர்த்துக் கொட்டி உடம்பில் தண்ணீரும் சோடியமும் குறைந்தால், சிறுநீரகம் சோடியம் என்று நினைத்து லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், லெவல் ஏறிவிடும். அக்னி நட்சத்திரத்தில் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் வேண்டாம். பிரஷர் என்று திடீரென உப்பையும் கருவாட்டையும் அடியோடு நிறுத்த வேண்டாம், டாக்டரைக் கேட்டு மெல்ல மாற்றுங்கள். வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்தால் அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். கை நடுக்கம் திடீரென்று பெரிதானாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் லெவலை ஏற்றும்; பாராசிட்டமால் பரவாயில்லை. பிரஷர் மாத்திரையில் எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான், ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற பெயர்கள் இருந்தால், லித்தியம் எழுதுகிற டாக்டரிடம் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.